எதிரொலிக்கு நிக்கறவங்க

அத விடு லினியா. ராய்ஸ் பெரியவர் சொன்னதப் போய் மனசுல போட்டுக் குழப்பிக்கிட்டு. தொண்ணூறத் தாண்டின மனுஷன். காப்பிக்கடையில மூலை மேசையப் பிடிச்சு உக்காந்துகிட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட பழசப் பேசறதுதான் இப்ப அவருக்கு வேலை. நீ யாரு பொண்ணுன்னு தெரிஞ்சதும் வாய் நிக்கல. பெத்த அப்பன் சாவுக்கே வராதவன்தானே உங்கப்பன்னு கேட்டுட்டாரு. ஆமா, எல்லாரு முன்னாடியும்தான். நானுந்தான் நின்னேனே, கையில ரெண்டு காப்பிய வெச்சுக்கிட்டு.

கதவ நல்லா இழுத்துச் சாத்தும்மா, சாரல் அடிக்குது. அந்தப் பக்கக் கண்ணாடி முழுசா ஏறாது. பின்னாடி துண்டு கெடக்கு பாரு, அதச் சொருகிக்கோ.

மடியில இருக்கற சாம்பல் பெட்டிய சீட்டுல வெக்கலாம்ல? சரி சரி, வெச்சுக்கோ. கனடாவுல வின்னிபெக்லருந்து இவ்வளவு தூரம் கீழ வெக்காமக் கொண்டாந்திருக்க, நான் யாரு சொல்ல.

நீ திரும்ப எடுத்துட்டுப் போறேன்னு சொல்றது எனக்குப் புரியாம இல்ல. வேண்டாம்னு தள்ளின ஊர்ல எங்கப்பாவ எதுக்கு விட்டுட்டுப் போகணும்னு கேக்கற. நியாயந்தான். குழி வெட்டியாச்சேன்னு எல்லாம் நான் உன்னக் கட்டாயப்படுத்த மாட்டேன். சின்னக் குழி, பலகை போட்டுத்தான் மூடியிருக்கு. மண்ணத் திரும்பத் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா மழை விடற வரைக்கும் ரெண்டு பேரும் இந்த வண்டிக்குள்ளதான். அது வரைக்கும் அத்தை பேசறேன். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு.

அங்க பாரு, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம், சரிவுல. ஓக் மரங்க. வலது கைப் பக்கம் ரெண்டு மரம் ஒட்டி நிக்குதுல்ல, அதுக்கு நடுவுலதான் என் எடம்.

உங்கப்பா சொல்லியிருப்பானே. என்ன, சொல்லவே இல்லையா? ஊதுவான்னு மட்டும் தெரியுமா? அடப்பாவி. ஸ்கூல்ல பசங்களுக்கு முப்பது வருஷம் டிரம்பெட் சொல்லிக் கொடுத்தவன், சொந்தப் பொண்ணுகிட்ட இதச் சொல்லல பாரு.

பட்டாளத்துல இருந்தவங்களப் பொதைக்கும்போது டிரம்பெட்ல கடைசியா ஒரு ஊதல் உண்டு. இருபத்திநாலு சுரம், அவ்வளவுதான். எங்க பக்கத்துல அத ரெண்டு பேரு ஊதுவாங்க. ஒருத்தர் பெட்டிக்கிட்ட, எல்லாரும் பாக்கற மாதிரி. இன்னொருத்தர் தள்ளி மரத்துக்குப் பின்னாடி, யாரு கண்ணுலயும் படாம. முன்னாடி நிக்கறவர் ஒரு அடி ஊதிட்டு நிறுத்துவாரு. மறைஞ்சு நிக்கறவர் அதையே திரும்ப மெதுவா ஊதுவாரு. செத்தவன் தூரத்துலருந்து பதில் சொல்ற மாதிரி இருக்கும். எதிரொலின்னு பேரு. எதிரொலிக்கு நிக்கறவங்கள யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அது மரியாதை. சின்னப் புள்ளைங்க தலைய திருப்பினாக்கூட அம்மாக்காரி மோவாயப் பிடிச்சு நேரா வெப்பா.

முன்னாடி எங்கண்ணன் வெர்லின், உங்கப்பன். பின்னாடி நான்.

ஏன் நான் பின்னாடியா? நல்லாக் கேட்ட. பொண்ணா பொறந்ததுதான். ரெண்டு பேருல நல்லா ஊதறது யாருன்னு ஸ்கூல் பேண்டு மாஸ்டரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. ஆனா முன்னாள் சிப்பாய் சங்கத்துல எல்மர்னு ஒருத்தர், எங்கப்பாவோட கூட்டாளி, அவரு ஒரேயடியா நின்னுட்டாரு. பாவாடை போட்ட புள்ள மரியாதைக்குச் சுடற துப்பாக்கி அணிகிட்ட நின்னா நல்லாவா இருக்கும், காத்துல பறந்து தொலைச்சா பாதிரியாரு எங்க பாப்பாருன்னு. சரி, மரத்துக்குப் பின்னாடி பாவாடைய யாரு பாக்கப் போறாங்கன்னு என்னை அங்க போட்டாங்க. எனக்குப் பதினாறு. அவனுக்குப் பதினெட்டு. வருஷம் அறுபத்தேழு.

மொதல்ல எல்லாம் கெழவங்கதான் போய்க்கிட்டிருந்தாங்க, பழைய போருக்குப் போனவங்க. எங்களுக்கு அது விளையாட்டு மாதிரி. பள்ளிக்கூடத்துல பாதிப் பாடத்துல எழுப்பி விடுவாங்க. ஊதி முடிச்சா சர்ச் நெலவறையில பன்றித் தொடை வெச்ச ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட். வெர்லின் என் தட்டுலருந்தும் எடுத்துத் திம்பான். எதிரொலிக்குப் பாதிச் சோறுதான்டி கணக்குன்னுவான்.

அப்புறம் வியட்நாம்லருந்து பெட்டிங்க வர ஆரம்பிச்சுது. எல்லாம் எங்க வயசு. பால் வண்டியில தொங்கிட்டு வந்தவன், ஆத்துல எங்ககூட நீச்சலடிச்சவன்.

ஒண்ணு சொல்றேன் கேளு. நான் ஒரு மொகத்தையும் பாத்ததில்ல. மரத்துக்குப் பின்னாடி நிக்கறவளுக்குக் காதுதான். துப்பாக்கி மூணு தடவ வெடிக்கும். காக்கா எல்லாம் எழும்பும். அப்புறம் யாராச்சும் அழுவாங்க. அழுகைய வெச்சே சொல்லிருவேன், இது அம்மா, இது தங்கச்சி, இது கட்டிக்கப் போறதா இருந்த பொண்ணுன்னு. அவன் பாடு வேற. அவன் முன்னாடி நின்னான். பெட்டி மேல போத்தின கொடிய மடிச்சு பெத்தவ மடியில வெக்கறப்ப அந்தக் கை என்ன பண்ணுதுன்னு அவன் பாத்தான். நான் கேட்டேன், அவன் பாத்தான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த தூரம் அவ்வளவுதான். ஆனா அந்தத் தூரத்துல நான் இந்த ஊர்லயே தங்கிட்டேன், அவன் போயிட்டான்.

காப்பி ஆறுது குடி.

மாடிசன்ல காலேஜ் சேந்தான். அங்கதான் பசங்க தினம் தெருவுல எறங்கி, போர் வேண்டாம்னு கத்தி, போலீஸ்கிட்ட தடியடி வாங்கிட்டிருந்தாங்க. அங்கதான் அவன் புத்தி கெட்டுச்சுன்னு ஊர்ல இன்னிக்கும் சொல்லுவாங்க. பொய். உங்கப்பன் கூட்டத்துல கத்தற ஆளா? ஊர்வலத்துக்குப் போனப்பக்கூட ஓரமாத்தான் நடந்தேன், என் முன்னாடி போனவன் தொப்பி மட்டுந்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னான். அவன மாத்தினது மாடிசன் இல்ல. இந்தா, இந்த எடந்தான். அந்த மூணாவது வரிசை, செவப்புக் கல்லு.

டூயி. பேண்டுல வெர்லினுக்குப் பக்கத்து நாற்காலி. அவனும் டிரம்பெட்தான். அந்த ஒசந்த சுரம் அவனுக்கு வரவே வராது, கோழி கத்தற மாதிரி கீச்சுன்னு ஒடஞ்சுரும். வெர்லின் விடமாட்டான், களஞ்சியத்துக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போயி ஊதச் சொல்லுவான். மாடுங்க பயந்து ஓடும். எங்கப்பா பால் கறக்கற எடத்துலருந்து கத்துவாரு, டேய், பால் தயிராயிரும் நிறுத்துங்கடான்னு.

டூயி மூடின பெட்டியில வந்தான். திறக்க வேண்டாம்னு எழுதியிருந்துச்சு.

அவங்கம்மா பேரு அல்மா. அழல. நான் காதத் தீட்டிக்கிட்டு நிக்கறேன், அழுகையே கேக்கல. எங்கப்பா, துப்பாக்கி அணிக்கு அவருதான் தலைவரு, கட்டளை போட்டாரு. மூணு வெடி. மாடிசன்லருந்து வந்திருந்த வெர்லின் ஆரம்பிச்சான். மூணு சுரம் அவன், மூணு சுரம் நான். அடுத்த மூணு அவன், அடுத்த மூணு நான். அப்படியே ஏறிப் போகுது. அந்த ஒசந்த சுரம் வரணும். வரல.

நான் டிரம்பெட்ட வாயில வெச்சுட்டு நிக்கறேன். வயிறு நெறைய மூச்சு. மொதல்ல ஊதாம எதிரொலி எப்படி ஊதறது நீயே சொல்லு. காத்து கேக்குது, கொடிக்கம்பத்துக் கயிறு டங்கு டங்குன்னு அடிக்கறது கேக்குது.  கடைசி வரைக்கும் அவன் ஊதல. நானும் ஊதல. டூயிக்குப் பாதியிலயே நின்னுபோச்சு.

அப்பதான் அல்மா அம்மா அழுதாங்க.

அதுலருந்து எனக்கு ஒரு வியாதி. சிரிக்காத. எங்க எது மூணு தடவ ஒலிச்சாலும், கதவு மணியோ, பக்கத்து வீட்டு வண்டி ஹாரனோ, என் வயிறு தானா மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கும். பதில் சொல்லணுமேன்னு. அம்பத்தஞ்சு வருஷமாச்சு. டாக்டர் பதட்டம்னு சொல்றாரு. பதட்டமா? எனக்கில்ல தெரியும்.

அன்னிக்கு வீட்டுல ரகள. அம்மா நான் சின்னதா இருக்கறப்பவே போயிட்டாங்க, நடுவுல பேச ஆளில்ல. எங்கப்பா கேட்டாரு, செத்துப்போனவன் உன்கிட்ட வேற என்னடா கேட்டான், இருபத்திநாலு சுரம், அதக்கூடக் குடுக்க முடியாதான்னு. வெர்லின் தலைய நிமித்தல. நான் ஊத ஊத அடுத்த பெட்டி வருதுப்பா, நான் நிறுத்தினா நிக்குமோன்னு பாத்தேன்னான். நீ நிறுத்தினா போர் நின்னுருமாடா மடையா? யாராச்சும் ஒருத்தன் எங்கயாச்சும் நிறுத்தணும்லப்பா.  ரெண்டு பேரும் சோறு திங்கல. நாந்தான் ஒக்காந்து தின்னேன், என்ன பண்றது.

காலேஜ விட்டான். கட்டாயம் வந்து சேரணும்னு பட்டாளத்து ஓலை வந்துச்சு. ஒரு நாள் காலையில மாடுங்க மடி கட்டிக் கத்துது, கறக்க ஆளக் காணோம். எங்கப்பா மாடியேறிப் போயி அவன் ரூமப் பாத்துட்டு வந்து, சமையக்கட்டுல உக்காந்து பூட்ஸக் கழட்டினாரு. திரும்ப மாட்டினாரு. டிரம்பெட்ட எடுத்துட்டுப் போயிருக்கான்னாரு. அவ்வளவுதான். எல்லை தாண்டி கனடாவுக்குப் போயிட்டான்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அஞ்சு வருஷம் அவன் பேரு அவரு வாயில வரல.

ஊர் சும்மா இருக்குமா? எங்க தபால் பெட்டியில மஞ்சப் பெயின்ட ஊத்தினாங்க. கோழைக்கு அதுதானே நெறம். கனடாவுல குளிர் எப்படி, கோட்டு வேணுமான்னு தீவனக் கடையில கேப்பாங்க. சர்ச்சுல எங்க பெஞ்சுல ரெண்டு பக்கமும் எடம் காலியாவே இருக்கும். பட்டாளத்துக்குப் போகாத புள்ளையப் பெத்தவன் துப்பாக்கி அணிக்குத் தலைவரா இருக்கலாமான்னு சங்கத்துல கேள்வி வந்துச்சு. எங்கப்பாவே தொப்பியக் கழட்டி மேசை மேல வெச்சாரு. ஆனா கட்டளை போடற தொண்டை வேற யாருக்கும் இல்ல. எல்மர் ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாத்தாரு, பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்துருச்சு. எடுத்து மாட்டிக்கோப்பான்னு தொப்பியத் திரும்பக் குடுத்துட்டாங்க.

முன்னாடி ஊத யாருன்னு பாத்தா, அப்பவும் என்னை விடல. கிராமபோன் வாங்கினாங்க! சத்தியமா. ஒரு லாரிக்குப் பின்னாடி வெச்சு, பேட்டரியில போட்டு, ரெக்கார்டுல ஊதல். அது கீறல் விழுந்த ரெக்கார்டு, சட்டியில எண்ணெய் தெறிக்கற மாதிரி சத்தம். மிஷின் முன்னாடி நிக்குது, மனுஷி மரத்துக்குப் பின்னாடி நிக்கறேன். ஒரு தடவ பனியில ஊசி மாட்டிக்கிட்டு அதே மூணு சுரத்தத் திரும்பத் திரும்பப் போடுது, நானும் விடாம பதில் ஊதறேன். எல்மர் ஓடிப் போயி லாரிய ஒதைச்சாரு. பாவம், அது யாரோ பெத்த புள்ளையோட அடக்கம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மரத்தக் கட்டிப் பிடிச்சுட்டுச் சிரிச்சேன், அப்புறம் பாத்தா அழுதுட்டிருக்கேன்.

அல்மா அம்மாவா? அவங்க கோர்ட்டு வாசப்படியில நிக்க ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமையானா அட்டையப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அடுத்தது யாரு புள்ள? அவ்வளவுதான் எழுதியிருக்கும். மொதல்ல தனியா. அப்புறம் ரெண்டு மூணு அம்மாங்க சேந்தாங்க. சங்கத்துக்காரங்க எதிர்த்தாப்புல நின்னு கத்துவாங்க. செத்த புள்ளைக்கே துரோகம் பண்றியேன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேட்டான். ஒரு நாள் பனிமழை, சாட்டையால அடிக்குது. நானும் எங்கப்பாவும் அந்த வழியா வந்தோம். அவரு காத்து வர்ற பக்கமாப் பாத்து வண்டிய அந்தம்மாவுக்கு மறைப்பா நிறுத்தினாரு. நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பேப்பர் படிச்சாரு. படிச்ச பேப்பரையே. அந்தம்மா கெளம்பற வரைக்கும். அப்படிப்பட்ட ஆளு உங்க தாத்தா. வாயத் தொறந்து சொல்லியிருந்தா எவ்வளவோ சுளுவா இருந்திருக்கும்.

மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்குல்ல? இல்ல, அந்தப் பக்கம் இன்னும் கருப்பாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

எழுபத்திமூணு ஆகஸ்ட்டுல எங்கப்பாவுக்கு முடியாமப் போச்சு. நுரையீரல். கட்டில கீழ முன்னறையில போட்டிருந்தோம். எல்மர் வந்து, மெதுவா, என்னப்பா, அடக்கத்துக்கு ரெக்கார்டு போட்டுக்கலாமான்னு இழுத்தாரு. எங்கப்பா சொன்னாரு, மிஷின வெச்சு என்னைப் பொதைச்சா எந்திரிச்சு வந்து உன்னை ஒதைப்பேன்டா. முன்னாடி என் பொண்ணு நிப்பா. பாவாடை போடணுமா கால்சட்டை போடணுமான்னு அவளே பாத்துப்பா. சரி, மரத்துக்குப் பின்னாடி? பேண்டு மாஸ்டர்கிட்ட சொல்லி ஒரு ஆளப் போடறேன்னாரு எல்மர். வேண்டாம். வேண்டாம்னா? அந்த எடம் காலியா இருக்கட்டும்னாரு எங்கப்பா. எல்மர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, பாவம்மா, மருந்து பேசுதுன்னாரு.

அடக்கத்தன்னிக்கு நான் முன்னாடி நின்னேன். மொதல் தடவையா மொகங்களப் பாத்தேன். எல்லாரும் வந்திருந்தாங்க, மஞ்சப் பெயின்ட் ஊத்தினவங்களும். அங்க வேலிகிட்ட, மரத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ஷெரீப் ஆபீஸ் போலீஸ் சட்டையோட ஒருத்தரு. ஆமா, அவருதான். காப்பிக்கடை ராய்ஸ். அப்ப நாப்பது வயசு, பாறை மாதிரி இருப்பாரு. கொரியாவுல சண்டை போட்டவரு. பட்டாளத்துக்குப் போகாம ஓடின பசங்க அப்பா அம்மா சாவுக்கு வந்தா பிடிக்கணும்னு உத்தரவு. அதுக்குன்னே அனுப்பியிருந்தாங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் அவரு பக்கம் பாக்கல.

மூணு வெடி.  மொத மூணு சுரம் ஊதினேன். நிறுத்தினேன். பதில் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். எல்மரு நான் சீக்கிரம் அடுத்தத ஊதட்டும்னு கண்ணக் காட்டறாரு.

மரத்துக்குப் பின்னாடியிருந்து வந்துச்சு.

பயந்துட்டியா? கையப் பாரு, சிலிர்த்திருக்கு. எங்களுக்கும் அப்படித்தான். பழைய சிப்பாய்ங்க எல்லாம் நெத்தியில கைய வெச்சு சல்யூட்டுல நிக்கறாங்க. ஊதல் முடியற வரைக்கும் கைய எறக்கக் கூடாது, அசையக் கூடாது. மத்தவங்க திரும்பிப் பாக்கக் கூடாது, எதிரொலியப் பாக்கறது மரியாதை இல்ல. இந்த மலைப் பக்கத்துல அத்தன பேரு நிக்கறோம், ஒரு தல திரும்பல. நான் ஊத, அது பதில் ஊத, அப்படியே ஏறிப் போச்சு. ஒசந்த சுரம் வந்துச்சு. நான் ஊதினேன். அங்கிருந்து அது வந்துச்சு பாரு, சுத்தமா, நீளமா, எறங்க மனசில்லாத மாதிரி. அல்மா அம்மா எழுந்து நின்னுட்டாங்க. டூயின்னாங்க. கத்தல. புள்ள வீட்டுக்குள்ள வந்தா கூப்பிடற மாதிரி, டூயின்னாங்க.

அப்புறம் போய்ப் பாத்தா மரத்தடியில ஒருத்தருமில்ல.

அதுலருந்து ஊர்ல அதுதான் கதை. மதுக்கடையில இன்னிக்கும் கேட்டுப் பாரு. மலையே ஊதுச்சும்பாங்க, பள்ளத்தாக்கு எதிரொலிம்பாங்க. பாதிப் பேரு டூயியோட ஆவின்னுதான் சொல்லுவாங்க. அல்மா அம்மா அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா நேரா அந்த மரத்தடிக்குப் போயி உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. சாகற வரைக்கும். ரெண்டு வருஷந்தான் ஆச்சு அவங்க போயி. நான் ஒரு வார்த்தை சொல்லல. எப்படிச் சொல்ல? அவங்க காதுல கேட்டது பொய்யில்லையே. அந்த ஒசந்த சுரம் டூயிக்கு விட்ட பாக்கிதானே. அவனுக்கும் சேத்துத்தானே உங்கப்பன் ஊதினான்.

ஆமா. உங்கப்பன்தான்.

அழாத கண்ணு. அழு, பரவாயில்ல. துண்ட எடு, அது சொருகினது இருக்கட்டும், இந்தக் கைக்குட்டைய எடு.

நான் பாக்கல. அன்னிக்கும் பாக்கல. பேசவுமில்ல. ஆனா எனக்குத் தெரியாதா? எல்லாரும் அந்த ஒசந்த சுரத்த ஒரே மூச்சுல பிடிப்பாங்க. அவன் மட்டும் அதுக்கு முன்னாடி ஒரு பொடி மூச்சு எடுப்பான். பேண்டு மாஸ்டர் எத்தன தடவ அடிச்சிருக்காரு அதுக்கு. அந்த மூச்சு எனக்குக் கேட்டுச்சு. ஓடைக்குள்ள எறங்கி, மக்காச்சோளக் காட்டுக்குள்ள பூந்து, வந்த வழியே போயிட்டான். பிடிச்சிருந்தா ஜெயிலு. மூணு வருஷமோ அஞ்சோ. அப்புறம் எழுபத்தேழுல எல்லாருக்கும் மன்னிப்புன்னு சொன்னாங்களே, அப்பவும் வரல. என்ன தப்புக்கு மன்னிப்புன்னு கேட்டான் போன்ல. அதுவும் சரிதான்.

ராய்ஸா? அதத்தானே சொல்ல வர்றேன். அன்னிக்குக் கடைசி சுரம் முடிஞ்சுது. எல்லாரும் கைய எறக்கினாங்க. அவரு எறக்கல. மரத்துக்கு இருவதடி முன்னாடி நிக்கற ஆளு அவரு, பள்ளத்தாக்கு எதிரொலிக்கும் மனுஷன் ஊதறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? கொடிய மடிச்சு என் கையில குடுக்கற வரைக்கும், எல்மர் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுது முடிக்கற வரைக்கும், நெத்தியில வெச்ச கைய எறக்காம நின்னாரு. திரும்பவும் இல்ல. அப்புறம் எறக்கிட்டு, தொப்பிய மாட்டிட்டு, மேல எழுதி அனுப்பினாரு. வரலைன்னு. நான் அங்கயே நின்னேன், அவன் அப்பன் சாவுக்கு வரலைன்னு. யாரு கேட்டாலும் அதையேதான் சொன்னாரு. கோட்டுப் போட்ட ரெண்டு ஆளுங்க வெளியூர்லருந்து வந்து கேட்டப்பவும் அதையேதான் சொன்னாரு. இப்ப அவருக்கு மத்ததெல்லாம் மறந்துபோச்சு லினியா. பொண்டாட்டி பேரு மறந்துபோச்சு. அந்த ஒரு பொய் மட்டும் நிக்குது. உங்கப்பன் பேரக் கேட்டதும் காவலுக்கு எழுந்து வருது. நீ அத வசவுன்னு எடுத்துக்கிட்ட.

வானம் வெளுத்துருச்சு பாரு.

என்ன கேட்ட? உங்கப்பனுக்கு எப்படித் தெரியும்னா? அத நான் சொல்லலல்ல. அன்னிக்கு எல்மர் கெளம்பிப் போனப்புறம் எங்கப்பா என்னைக் கூப்பிட்டாரு. மூச்சு வாங்குது, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ நிறுத்தறாரு. நான் போனதும் போன் பண்ணு, வீட்டு போன் வேண்டாம், ஒட்டுக் கேப்பாங்க, தீவனக் கடைகிட்ட இருக்கறதுலருந்து பண்ணுன்னாரு. யாருக்குன்னு சொல்லல. வரச் சொல்லாத. என்னை எப்படிப் பொதைக்கப் போறாங்கன்னு மட்டும் சொல்லு. முன்னாடி நீ நிக்கற. மரத்தடி காலி. அவ்வளவு சொன்னாப் போதும். அவன் டிரம்பெட்ட எடுத்துட்டுத்தானே போனான்னாரு. அவரு செத்தப்புறம் போன் பண்ணி அப்படியே சொன்னேன்.  அப்புறம் உங்கப்பன் ஒண்ணே ஒண்ணு கேட்டான். மக்காச்சோளம் எவ்வளவு ஒசரம் வந்திருக்குன்னு. ஆள் ஒசரத்துக்கு மேலன்னேன். வெச்சுட்டான்.

வா, எறங்கு. பாத்து, சேறு. அந்தப் பலகைய நான் எடுத்துடறேன். நீ அத வெச்சுக்கிட்டு எங்கப்பா கல்லுக்குப் பக்கத்துல நில்லு. சங்கத்துலருந்து யாரும் வர மாட்டாங்க, அவன் பட்டாளத்துல இருந்ததில்லையே, அவங்க விதி அவங்களுக்கு. பரவாயில்ல. சீட்டுக்குப் பின்னாடி என் டிரம்பெட் இருக்கு, அதக் குடு. ஒதடு எல்லாம் தளர்ந்துபோச்சு, எழுபத்திரண்டு வயசுல என்ன வரும், ஆனா எதிரொலிக்கு மெதுவா ஊதினாப் போதும்.

நான் மரத்தடிக்குப் போறேன். என் பழைய எடத்துக்கு. நீ என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது. முடிஞ்சப்புறம் குழியில வெக்கறதும், மடியிலயே திரும்பக் கொண்டு போறதும் உன் இஷ்டம், அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் ஊதுவேன், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் திரும்ப ஊதுவேன், திரும்பவும் சத்தம் இருக்காது. கெழவிக்கு மூச்சு வாங்குதுன்னு நினைச்சுக்காத. ஆரம்பத்துலயே கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காது, அப்பவும் பயந்துக்காத. முன்னாடி நிக்கறது அவன்தானே.

அது அவன் முறை.